எண்ணெய் ஏன் கட்டியாயிடுச்சு மாமா?



பி.காம் படிக்கிறவனுக்குக் குழந்தைகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அக்கா மகளிடம் நான் கற்ற பாடத்தைத்தான் எழுதுகிறேன்.

அவள் யு.கே.ஜி. போன டிசம்பரில் 'குளிர்காலம்' என்று ஒரு வீட்டுப்பாடம். அட்டையில் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்யவேண்டும். செய்தது நானும் அக்காவும்தான்! அவள் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலையில்தான் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏன் மாமா கட்டியாயிடுச்சு?" என்று கேட்டாள். காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில், "குளிருக்குத்தான், போ" என்று விரட்டிவிட்டேன். பஞ்சை ஒட்டும்போதுதான் உறைத்தது. எங்கள் திருச்சிப் பிள்ளை பனிமனிதனை எங்கே பார்த்தாள்? அவளுடைய குளிர்காலம் அந்த பாட்டிலில் அல்லவா இருந்தது!

அடுத்த ஞாயிறு இரண்டு கிண்ணம் எடுத்தோம். ஒன்றில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் நல்லெண்ணெய். ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் வைத்தோம். எது கட்டியாகும் என்று பந்தயம் வேறு. அவள் "ரெண்டும்" என்றாள். விடிந்ததும் பார்த்தால் தேங்காய் எண்ணெய் மட்டும் வெள்ளையாக உறைந்திருந்தது. அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். நல்லெண்ணெய்க்கு இன்னும் ரொம்பக் குளிர வேண்டும். உறைந்ததை உள்ளங்கையில் வைத்தேன். உடம்புச் சூட்டில் உருகியது. அவள் கண்களைப் பார்க்கவேண்டுமே! பந்தயத்தில் தோற்றது ஞாபகமே இல்லை.

இப்படி எவ்வளவோ இருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்ப்பதைக் காட்டிவிட்டு, புல்லில் இருக்கும் பனித்துளியைக் காட்டலாம். இரண்டும் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து வந்ததுதான். டிசம்பரில் உச்சிவேளையில் குழந்தையின் நிழலைச் சாக்பீஸால் வரைந்து வைக்கலாம். ஏப்ரலில் அதே இடத்தில் நிற்கச் சொன்னால் நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நட்டு வைத்த குச்சிக்கு உச்சிவேளையில் நிழலே இருக்காது!

"பனியில் நின்றால் சளி பிடிக்கும்" என்று பாட்டி சொல்வார். சரி, மங்கி கேப் போட்டு, கொஞ்சம் வெளிச்சம் வந்தபிறகு கூட்டிப் போவோம். பஞ்சுப் பொம்மையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு நாட்டுக் குளிரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் தன் வீட்டு வாசலில் உள்ளதைப் பார்த்த பிறகு!

வணிகவியல் கணக்கில் சொன்னால் இதற்கு முதலீடு இரண்டு கரண்டி எண்ணெய், பத்து நிமிடம். ஆனால் "போ" என்று நாலு தடவை விரட்டினால், ஐந்தாவது தடவை குழந்தை கேட்கவே கேட்காது. அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

இந்த மார்கழியில் உங்கள் வீட்டு வாண்டு ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "வா, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள்.