ஜாமீன் தவணை முடிந்தால் துப்பாக்கி வீடு திரும்ப வேண்டும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் புதியவை அல்ல. வாய்ச்சண்டை முற்றிக் காவல் நிலையம் போனால், அமைதி காப்பதாக ஜாமீன் பத்திரம் எழுதித் தரும்படி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். முன்பு இதை 107 வழக்கு என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இது நடக்கிறது. ஜாமீன் தவணை அதிகபட்சம் ஓராண்டு.

பயிர்க் காவலுக்கு லைசென்சு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, இந்த ஜாமீன் தவணை முடியும்வரை அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. லைசென்சு கையில் இருந்தாலும் சரி, பழைய நாட்டுத் துப்பாக்கியானாலும் சரி, வீட்டில் வைத்திருந்தால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உடனே காவல் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும்.

இந்தத் தடை நியாயமானதே. கோபம் ஆறாத வீட்டில் துப்பாக்கி இருப்பது இரு குடும்பங்களுக்கும் ஆபத்து. ஒரு முழ வரப்புக்காக ஓர் உயிர் போகக் கூடாது.

ஆனால் தடைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அந்த நாள் வந்தபின், பழைய சண்டையையே காட்டித் தடையை நீட்டிக்கொண்டு போவது முறையல்ல. மீண்டும் அமைதி கெடும் என்று அஞ்சக் காரணம் இருந்தால், புதிதாக நோட்டீசு தந்து, விசாரித்து, புதிய உத்தரவு போடட்டும். தகராறு முன்பே சமாதானமாகிவிட்டால், தகுந்த காரணம் காட்டிப் பத்திரத்தை ரத்து செய்யும்படி மாவட்ட நடுவரைக் கேட்கவும் வழி உண்டு.

விவசாயிகள் பக்கத்திலும் அசட்டை கூடாது. தவணை முடிந்ததும் எழுத்து மூலம் மனுக் கொடுத்துத் துப்பாக்கியைக் கேட்க வேண்டும். விதித்த காலத்துக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டால், 21-ஆம் பிரிவின்படி அது அரசுக்குப் பறிமுதலாகலாம். இடையில் லைசென்சு காலாவதியானால் துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதும் சிக்கலாகும். புதுப்பிக்க மறுத்தால் 18-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். லைசென்சு இருப்பதாலேயே மயிலையோ காட்டுப் பன்றியையோ சுட உரிமை வந்துவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். உத்தரவின் நகலிலும் ஒப்படைப்பு ரசீதிலும் தவணை முடியும் தேதியைத் தமிழில் தெளிவாக எழுதித் தரட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டட்டும். கரும்பு வெட்டும் நாளைக் குறித்து வைப்பதுபோல் விவசாயியும் அந்தத் தேதியைக் குறித்து வைக்கட்டும்.