நீதிபதியே கட்சிக்காரரா?

ஒரு வழக்கில் லாப நஷ்டமுடையவர் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறலாகாது என்பது நீதி ஸ்தலங்களின் பால பாடம். விளையாட்டு மைதானத்தில் அதை மறந்துவிடலாமென்று சிலர் கருதுகிறார்கள் போலும். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து உலகத்துச் சைக்கிள் பந்தயங்களை ஆண்டுவரும் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் முன்வரலாறு இதற்குத் தக்க சான்று.

1900-ல் தோன்றிய இச்சங்கத்தின் கடமை யாது? விதிகளை வகுப்பது, பந்தயங்களுக்குத் தேதியும் தரமும் நிர்ணயிப்பது, நடுவர்களை நியமிப்பது, குற்றம் செய்தவர்களைத் தண்டிப்பது. இவ்வளவு அதிகாரமும் கையிலிருக்க, 2009-ல் அது பந்தயம் நடத்துவதற்கென்றே சொந்தக் கம்பெனி ஒன்றை ஸ்தாபித்தது. அக்கம்பெனியின் பீஜிங் பந்தயம் 2011-ல் முதன்முதலாக நடந்தது. முதலாண்டிலேயே அதற்கு ‘வர்ல்ட் டூர்’ என்னும் மிக உயர்ந்த தரம் கிடைத்துவிட்டது. தரம் வேண்டியவர் யார்? சங்கத்தின் கம்பெனி. தரம் அளித்தவர் யார்? சங்கம். முதல்தரக் கோஷ்டிகள் அத்தரமுள்ள பந்தயங்களில் கலந்துகொண்டே தீரவேண்டுமென்பது அக்காலத்து விதி. அதை இயற்றியவரும் சங்கத்தாரே. சரக்கு விற்பவரே தராசையும் பிடித்தார்; வேண்டாமென்று சொல்லும் உரிமையும் வாங்குபவருக்கு இல்லாமற்போயிற்று.

சீனத்தில் இவ்விளையாட்டைப் பரப்புவதே தங்கள் கருத்தென்று சங்கத்தார் சமாதானம் கூறினர். கருத்து நல்லதாகவே இருக்கட்டும். மற்றப் பந்தயங்களை நடத்துவோர் தேதிக்கும் தரத்திற்கும் தங்கள் போட்டியாளரிடமே விண்ணப்பித்து நிற்பது நியாயமாகுமா?

பணமும் பரிச்சயமும் தீர்ப்பில் கலந்தால் விளைவது என்னவென்பதை ஆம்ஸ்ட்ராங் விவகாரம் காட்டிற்று. தான் பரிசோதிக்க வேண்டிய அவ்வீரரிடமிருந்தே சங்கம் 1,25,000 டாலர் நன்கொடை பெற்றது. 2008-ல் அவர் மீண்டும் களமிறங்க விரும்பியபோது, ஆறு மாதம் மருந்துப் பரிசோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டுமென்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. அதே சமயத்தில், அன்றைய தலைவர் பாட் மக்வைட்டுக்கு வேண்டியவர்கள் நடத்திய அயர்லாந்துப் பந்தயத்தில் கலந்துகொள்ள அவர் இசைந்தார். நன்கொடைக்குக் கைம்மாறாகக் குற்றம் மறைக்கப்பட்டதென்பதற்கு அத்தாட்சியில்லை என்றே 2015-ல் விசாரணைக் கமிஷன் கூறிற்று. ஆயினும் அவருக்குச் சலுகை காட்டப்பட்டதென்பதைக் கூறாமல் விடவில்லை. லஞ்சமின்றியும் நீதி கோணக்கூடும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

பீஜிங் பந்தயம் 2014-உடன் நின்றது. மருந்துப் பரிசோதனையும் 2021 முதல் வேறொரு ஸ்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் ஒப்புக்கொண்ட தத்துவத்தை மற்றொன்றில் மறுப்பானேன்? தரமும் தேதியும் நிர்ணயிக்கும் அதிகாரம் எந்தப் பந்தயத்திலும் பங்கில்லாத தனிக் குழுவிடம் இருத்தல் வேண்டும். மழையில் வழுக்கும் மலைச்சரிவில் உயிரைப் பணயம் வைத்து இறங்கும் வீரன் எவருடைய தயவையும் யாசிக்கவில்லை. வெற்றியிலும் வசூலிலும் பங்கில்லாத நடுவர் அவனுக்கு வேண்டும். அதை அளிப்பது சங்கத்தாரின் கடமை; தாமதமின்றி அளிப்பார்களென்று நம்புகிறோம்.