கிழவனுக்கு எதற்கு மாளிகை?

வேலையிலிருந்து விலகும் நாள் நெருங்கியவுடன் நம்மவர்களுக்கு ஒரு வியாதி கண்டுவிடுகிறது. அதற்கு ஊர் மோகம் என்று பெயர். முப்பது வருஷம் சிங்கப்பூரில் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ பாட்டன் பிறந்த கிராமத்தில் மாடிவீடாகக் கட்டிப் பூட்டி வைப்பதும், அதன் பொருட்டுப் புக்கிட் மேராவிலிருக்கும் வீட்டை விற்கத் துணிவதும் பெருமையென்று கருதப்படுகின்றன. இது பெருமையன்று, மூடத்தனம் என்பதே நமது அபிப்பிராயம். கோபிப்பவர்கள் காரணங்களைக் கேட்டுவிட்டுக் கோபிக்கட்டும்.

முதுமைக்கு இடம் தேடுகிறவன் வீட்டின் முகப்பைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. நெஞ்சு வலித்தால் வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், முழங்கால் மக்கர் செய்யும் நாளில் மார்க்கெட்டுக்கு எத்தனை அடி நடக்கவேண்டும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யார் உண்டு என்பவையே கேள்விகள். புக்கிட் மேராவில் விடை எளிது. இந்தியச் சிப்பாய்கள் தங்கியதால் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர் பெற்ற இடத்துக்கு 1882-ல் வந்த பெரிய ஆஸ்பத்திரிதான் இன்றைய சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. அது இவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. சில்லறை நோவுகளுக்குப் பலதுறை மருந்தகம் உண்டு. ரெட்ஹில்லிலும் தியோங் பாருவிலும் மார்க்கெட்டும் உணவங்காடியும் ஒன்றாகவே இருக்கின்றன. பழைய புளோக்குகளில் சில மாடிகளில் மட்டுமே நின்ற மின்தூக்கியை எல்லா மாடிகளிலும் நிற்கச் செய்யும் திட்டம் 2001-ல் தொடங்கியது. 2003-ல் ஓடத் தொடங்கிய வடகிழக்குப் பாதை ரயிலில் ஹார்பர்பிரண்டில் ஏறினால் வண்டி மாறாமல் தேக்காவில் இறங்கிக் கறிவேப்பிலை வாங்கி வரலாம். செங்கற் சூளையில் உழைத்த நம்மவர் கும்பிட்ட ருத்ர காளியம்மனுக்கும் டெப்போ சாலையில் கோயில் இருக்கிறது. பக்தியுள்ளவர்களுக்கு அதுவும் ஒரு சௌகரியமே.

அத்தாப்புக் குடிசையின் சுகம் இந்தச் சிமெண்டுக் கூட்டில் உண்டா என்று பெருமூச்சு விடுவோர் சிலர். 1961 மே 25-ல் புக்கிட் ஹோ சுவீயில் அந்தச் சுகம் எரிந்து சுமார் 16,000 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். எரிந்த மண்ணில் எழுந்தவையே அங்குள்ள அடுக்குமாடிகள்.

ஊருக்குத் திரும்பும் பெரியவர் அங்கே எந்தத் தெருவில் வீடு கட்டுவார்? பணம் சிங்கப்பூர்ப் பணமானாலும் தெரு பாட்டனுடைய தெருதான். எந்தச் சாதி எங்கே குடியிருக்கவேண்டுமென்று கிராமம் போட்டு வைத்த கோட்டை இவருடைய மாடிவீடு தாண்டாது. இங்கே பத்தாம் மாடிக்கு ஏறும் மின்தூக்கி யாரையும் சாதி கேட்டதில்லை. முப்பது வருஷம் அந்தக் கேள்வியில்லாமல் வாழ்ந்துவிட்டு, தள்ளாத வயதில் அதனிடம் போய் விலாசம் கேட்பானேன்? 1971-ல் பிரிட்டிஷ் படை விலகியபோது தளத்தில் வேலை செய்த இந்தியர் பலர் வேலை போய்க் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறதே!

"99 வருஷக் குத்தகை வீடும் ஒரு சொந்த வீடா?" என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து செக்ரோல் எழுதும் நமக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வருகிறது. செக்ரோலில் பெயர் அடிக்கப்படும் நாளில் லயத்துக் கதவும் சாத்தப்படும் குடும்பங்களைப் பார்ப்பவர்கள் நாம். 2015-ல் வந்த ஈரறை ஃபிளெக்ஸி வீடுகளை 55 வயது தாண்டிய சிங்கப்பூர்ப் பிரஜைகள் 15 முதல் 45 வருஷம் வரை குத்தகையாக எடுக்கலாம். வாங்குவோருக்குக் குறைந்தது 95 வயதாகும்வரை அக்குத்தகை வரவேண்டும் என்பது நிபந்தனை. அவ்வீட்டை வெளியாருக்கு விற்கமுடியாது என்பது மெய்தான். மூப்புக்கு வேண்டியது கூரையா, வியாபாரச் சரக்கா?

குறைகளையும் மறைக்கவேண்டியதில்லை. தெலோக் பிளாங்கா மேட்டுப் பக்கம் கிழவர் கால்களுக்கு ஏற்றதன்று. கதவைச் சாத்திக்கொண்டு அண்டை வீட்டார் பெயரே தெரியாமல் கிடப்போரும் உண்டு. மேலும் 1989 முதல் நடக்கும் இன விகிதாசார விதியின்படி, ஒரு புளோக்கில் இந்தியர் பங்கு நிறைந்துவிட்டால் வேறு இனத்தாரிடமிருந்து நாம் அங்கே வீடு வாங்கமுடியாது. இந்த விதி நமக்குப் பிடித்தமானதன்று. ஆயினும் அவசரப்பட்டு விற்றுவிட்டு, ஊர் கசந்து திரும்பி வருகிறவர் இதில்தான் முட்டிக்கொள்வார்.

தோட்டத்து நண்பர்கள் புக்கிட் மேராவில் வாங்க இயலாது. அதன் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். கால் தெம்பாக இருக்கும் ஐம்பது வயதிலேயே குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ ஒரு சிறு வீட்டைப் பார்த்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் ஒரு மழை நாளில் நடந்து பார்த்தபின் விலை பேசட்டும். மகனைக் கேட்கவேண்டும் என்பவர்கள் முதலில் மனைவியைக் கேட்கட்டும். நம் குடும்பங்களில் அந்த வீட்டில் கடைசியாகத் தனித்திருக்கப் போகிறவள் பெரும்பாலும் அவளே. பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.