முதல் கத்திக்குப் பழைய இரும்பு போதுமா?

கத்தி செய்யப் பழகுபவர் தம் முதல் கத்தியைப் பழைய லாரியின் வில்பட்டையிலோ தேய்ந்த அரத்திலோ செய்தால் போதும், எப்படியும் கெடப்போகும் ஒன்றுக்காகப் புது எஃகு வாங்குவது வீண் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. சிக்கனம்போலத் தோன்றும் இவ்வறிவுரை, கற்பவரின் உழைப்பையே வீணாக்குவது.

வில்பட்டை நல்ல எஃகுதான் என்பது இக்கருத்தினர் கூறும் முதற்காரணம். அது பொய்யன்று, எனினும் ஒரு பட்டை குரோமியம் கலந்த 5160 வகையாகவும் மற்றொன்று சிலிக்கன் மிகுந்த இஎன் 45 வகையாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்து அதைப் பிரித்தறிய இயலாது. பல்லாண்டு வளைந்து நிமிர்ந்த பட்டையில் மயிரிழை விரிசல்களும் ஒளிந்திருக்கக்கூடும். அரங்களிலோ மேற்புறத்தில் மட்டும் கரிமம் ஏற்றப்பட்டவை உண்டு. அம்மேற்புறம் தேய்ந்துபோனபின் எஞ்சுவது கூர் நில்லாத அலகே.

பணம் மிச்சமாகும் என்பதும் முழுமையான கணக்கன்று. வளைந்து இறுகிய பட்டையை உலையிலிட்டு மென்மையாக்கி நிமிர்த்திய பின்னரே அராவவோ துளையிடவோ முடியும்; கடையில் வாங்கும் எஃகுப்பட்டை பெரும்பாலும் மென்மையாகவும் தட்டையாகவுமே வருகிறது.

முதல் கத்தி எப்படியும் கெடும் என்னும் வாதமே இவற்றுள் மிகவும் தவறானது. தோய்ச்சல், அதாவது காய்ந்த எஃகைச் சட்டென ஆறவைத்து இறுக்கும் வேலை, தவறிவிட்டால், பிழை வெப்பத்திலா, எண்ணெயிலா, எஃகிலேயா என்பதை, இன்னதென்று தெரியாத இரும்பை வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. மாறாக, 1084 என்னும் வகையறிந்த எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.84 விழுக்காடு, ஆறும்போது இறுகுவதற்குச் சற்று அவகாசம் தரும் மாங்கனீசும் அதில் உண்டு. ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தம் ஒட்டாமற்போக, அதற்கும் சற்று மேலே, 815 பாகையளவில், இளஞ்சூடான தாவர எண்ணெயில் அமிழ்த்தினால் அது இறுகிவிடும். பின்னர் 200 பாகையில் இருமுறை, முறைக்கு 2 மணி நேரம் வைத்தால் நொறுங்கும் தன்மை தணியும். மாங்கனீசு குறைந்த 1095 இதைவிட விரைந்து ஆறவேண்டும். துருப்பிடிக்காத 440சி வகைக்கோ 1,000 பாகைக்கும் மேற்பட்ட சீரான வெப்பம் தேவை. இவ்விரண்டும் பின்னர் பழகத்தக்கவை.

தேர்ந்த கொல்லர்கள் வில்பட்டையில் அருமையான அரிவாள் அடிக்கிறார்களே என்பது இறுதி வாதம். அவர்களால் பட்டையின் சிறு துண்டைத் தோய்த்து, முறித்து, முறிவின் மணியமைப்பைப் பார்த்தே அதன் குணத்தைக் கணிக்க முடிகிறது. அவ்வாறு கணிப்பதற்கு, சரியாகத் தோய்ந்த எஃகின் முறிவு எப்படியிருக்கும் என்பதை முன்பே கண்டிருக்க வேண்டும். தொடக்கநிலையாளர் அதைக் காண்பதற்கு ஏற்றது 1084 போன்ற வகையறிந்த எஃகின் வெட்டுத்துண்டே.