முப்பதுக்குப் பின் கணிப்பொறிப் பணி

தறியிலும் கழனியிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தபின், கணிப்பொறித் துறையில் தொடக்கநிலைப் பணியொன்றை நாடுவோர் நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் உளர். “வயது முப்பதைக் கடந்துவிட்டதே, அனுபவமும் இல்லையே” என்று அவர்கள் தயங்குகின்றனர். இத்தயக்கத்தில் பாதி நியாயமானது. பாதி வீணானது என்பது நம் கருத்து.

நியாயமான பாதியை முதலில் கூறுவோம். பெரிய கம்பெனிகள் பல, புதியோரைக் கல்லூரிகளுக்கே சென்று தேர்ந்தெடுக்கின்றன; பட்டம் பெற்ற ஆண்டையும் வரையறுக்கின்றன. முப்பத்திரண்டு வயதினர்க்கு அவ்வாயில் அநேகமாக அடைபட்டதே. வேறு வாயிலில் நுழையினும், தொடக்கச் சம்பளம் இளைஞர்க்குரிய அளவினதே. குடும்பப் பொறுப்புடையோர் இதனை எண்ணிப் பாராமல் தறியை விற்றுவிடலாகாது.

கணிப்பொறி நமக்கு அந்நியம் என்னும் எண்ணமே வீணான பாதி. பிரெஞ்சு தேசத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த பொறி, துளையிட்ட அட்டைகளின்படி பாவு இழைகளைத் தூக்கிற்று. துளையிட்ட அட்டைகளைக் கொண்டே ஹாலரித்தின் இயந்திரங்கள் அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு ஜனத்தொகையைக் கணக்கிட்டன. பின்னர் வந்த கணிப்பொறிகளும் நெடுங்காலம் அட்டை வழியாகவே கட்டளை பெற்றன. ஓரிழை தவறினும் தறியை நிறுத்திப் பிழையைத் தேடும் நெசவாளர்க்கு, பழுது கண்டு திருத்தும் பொறுமை புதிதன்று.

ஆதலின், மென்பொருள் எழுதும் பணியையே எதிர்நோக்கியிராமல், பழுது பார்த்தல், பயன்படுத்துவோரின் குறை கேட்டுத் தீர்த்தல், மென்பொருளைச் சோதித்தல் ஆகிய பணிகளில் தொடங்குவது நலம். பயில்வதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களையும், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் பாடங்களையும் எவரும் இலவசமாகப் பயிலலாம், வயது வரம்பில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவோரே கட்டணம் செலுத்துவர். வேலை நிச்சயம் என்று கூறி முன்பணம் கேட்போரிடம் நகையை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டா.

எஞ்சி நிற்பது அனுபவம். வேலையின்றி அனுபவமில்லை, அனுபவமின்றி வேலையில்லை. இம்முடிச்சை அவிழ்க்கக் கூட்டுறவுச் சங்கங்களால் இயலும். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், சரக்கு விற்பனை எனக் கணக்குகள் குவிந்துள்ளன. கணிப்பொறி வாங்குவது எளிது. அது நின்றபோது ஓட்டவும், பதிவு பிழைத்தபோது திருத்தவும் ஆள் வேண்டுமன்றோ?

ஒவ்வொரு சங்கமும், அங்கத்தினர் குடும்பத்தில் முப்பது கடந்து இத்தொழில் பயில்வோர் இருவரை ஆறு மாத காலம் பயிற்சியில் அமர்த்தலாம். காலையில் தறி, மாலையில் சங்கம் என நேரம் வகுக்கலாம். சிறு ஊதியமும், செய்த வேலையை விவரிக்கும் நற்சான்றும் அளித்தல் வேண்டும். பிறர் கடன் கணக்குகளும் கடவுச்சொற்களும் காரியதரிசியின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும்.

அவர்களுள் சிலர் நகரத்துக்குச் செல்வர். சிலர் சங்கத்திலேயே நிலைப்பர். எவ்வாறாயினும் இழப்பில்லை. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுகிறோம்.