வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் பெரும்பகுதியைச் செலவிட்டு, சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். மூலப் பத்திரத்தை வழக்குரைஞரிடம் காட்டினேன். கிணற்று நீரைக்கூடப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வீட்டை மூன்று முறை நேரில் சென்று பார்த்தேன்; மூன்றும் மார்கழி மாதத்து முற்பகல்கள். தை பிறந்ததும் பத்திரப் பதிவை முடித்துப் பால் காய்ச்சினோம். பின்சுவருக்கு அப்பால் நூலகத்தைப் போல அமைதியாக நின்றிருந்த கல்யாண மண்டபம், முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் விழித்துக்கொண்டது.

மாலையில் செண்டை மேளம், பிறகு மெல்லிசைக் கச்சேரி, நள்ளிரவுக்குப் பின் பாத்திரங்களை லாரியில் ஏற்றும் ஓசை, அதிகாலை நான்கு மணிக்கு நாகஸ்வரம், இவை அனைத்துக்கும் அடியில் ஓயாத ஜெனரேட்டர் உறுமல். மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பது நான் அறியாத செய்தியன்று. அதை வீடு பார்ப்பதோடு பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவே. ஆடியில் வீடு பார்ப்பவருக்கும் மண்டபம் இதே முகத்தைத்தான் காட்டும். தெருமுனை அம்மன் கோவிலின் ஒலிபெருக்கியையோ ஆடியில் மட்டுமே கேட்க முடியும். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குடிபுகும் நாம், வீடு தேடுவதற்கும் அதைப் புரட்டியிருக்க வேண்டும்.

விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு பழுதுபடுகிறது என்பதை, பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அந்த ஆய்வாளரின் கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். காரையாவது ஓட்டிப் பார்த்து வாங்கலாம். வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்த்து வாங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. வாடகைக்கு வந்தவர் முன்பணத்தில் ஒரு பகுதியை இழந்தாலும் வெளியேறிவிடலாம். இருபது ஆண்டு வங்கிக் கடனில் வாங்கியவர் எங்கே போவார்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. வணிகப் பகுதிக்கு இவை 65, 55. பிறருடைய இரைச்சலைக் கேட்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதை, வாழ்வுரிமையின் பகுதியாகவே 2005-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

நடைமுறையில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, பகல்நேர ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் அதன் பேரில் புகார் அளிக்க விதி இடம் தருகிறது. டெசிபல் மடக்கை அளவு. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இரண்டாவது, நம் தெரு எந்த வகைப் பகுதி என்பதே பலருக்குத் தெரியாது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் 'கலப்புக் குடியிருப்பு' என்றொரு வகை உண்டு. ஒலி விதிகளின் அட்டவணையில் அப்படி ஒன்று இல்லை. அது எந்த வகையில் சேரும் என்பதை உரிய அதிகார அமைப்பு அறிவிக்க வேண்டும்.

முறையிடச் சென்றபோது மண்டப நிர்வாகி பணிவாகவே ஒன்று சொன்னார்: "ஐயா, நாங்க இருபது வருஷமா இருக்கோம். நீங்கதானே இப்ப வந்தீங்க?" ரொனால்டு கோஸ் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்தாண்ட 1879-ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கு நினைவுக்கு வந்தது. மிட்டாய் தயாரிப்பவர் ஒருவரின் உரல்கள் நெடுங்காலமாக இயங்கிவந்தன. பக்கத்து மருத்துவர் பின்னாளில் சுவரையொட்டி ஓர் ஆலோசனை அறை கட்டினார். பிறகு ஓசை தாங்காமல் வழக்குத் தொடுத்தார். 'நான்தான் முன்பே இருந்தேன்' என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிர்வாகியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஜெனரேட்டர் நின்றிருக்காது.

என்னை உண்மையில் திடுக்கிடச் செய்தது எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம்தான். எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிப்போம் என்றேன். "பதிவாகிவிட்டால் நம் வீடுகளின் விலை இறங்கிவிடும் சார்" என்றார் செயலாளர். பெரும்பாலோர் தலையசைத்தனர். இரவில் உறங்காத அதே மனிதர்கள்தாம்! வாங்கும்வரை அறியாமையால் ஏமாறுகிறோம். வாங்கிய மறுநாள் முதல் அடுத்தவரின் அறியாமையே நம் சொத்தின் மதிப்பாகிவிடுகிறது. தகவல் வெளியே வராததற்கு விற்பவரும் தரகரும் மட்டும் காரணம் அல்லர்.

ஆகவே இதைத் தனிமனித நேர்மையிடம் விட்டுவிட முடியாது. பிரான்சில் விமான நிலையங்களின் இரைச்சல் மண்டலங்களில் வீடு விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020 ஜூன் முதல் சட்டம். இங்கே 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் நில உரிமை, வழக்குகள், அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை வெளியிடச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஒலி விதிகளின்படி மனை எந்த வகைப் பகுதியில் உள்ளது என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மறுவிற்பனை வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொதுவாக உதவாது என்பதால், விற்பனைப் பத்திரத்திலும் அதைக் குறிப்பிடச் செய்யலாம். காவல் நிலையங்களுக்கு வரும் இரைச்சல் புகார்களை, புகார்தாரரின் பெயரை மறைத்துத் தெருவாரியாக வெளியிட்டால் அதுவே ஒரு வில்லங்கச் சான்று.

அதுவரை நம் காதுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, வேலைநாளின் அதிகாலை, இரவு பத்தரை மணி, மின்தடை நேரம் என நான்கு வேளைகளில் தெருவில் நின்று பாருங்கள். தரகரை விட்டுவிட்டு, இஸ்திரி வண்டிக்காரரிடமும் இரவுக் காவலாளியிடமும் விசாரியுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் துல்லியமானதன்று. இரண்டு வீடுகளை ஒப்பிடுவதற்குப் போதும். சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். உறக்கத்தைக் கலைக்க அதிகாலை மூன்று மணிக்கு ஒரே ஒரு காற்று ஹாரன் போதும். குளிர்காலத்திலும் எதிர்வீட்டுச் சன்னல்கள் அனைத்தும் மூடியே கிடந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கடந்த ஆடியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்து வீட்டைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தனர். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, "இங்கே அமைதியாக இருக்குமா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டார். ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு எட்டு மணிக்கு வந்து பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார்கள், வாங்கவில்லை. மூன்றாம் தளத்துக்காரர் இப்போது என்னுடன் பேசுவதில்லை.