தோசைக்கல் அல்ல, கிரில் தட்டு!

சகோதரிகளே, இரும்பு தோசைக்கல்லைத் தேய்க்கும் கைவரிசையை மின்சாரக் கிரில்லில் காட்டாதீர்கள். கம்பி நாரும் கத்தி முனையும் பட்டால், தட்டின் மேலுள்ள 'நான்ஸ்டிக்' பூச்சு கீறிப் போகும். பிறகு ரொட்டி ஒட்டத்தான் செய்யும்.

சமையல் முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். கொதிக்கும் தட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் தட்டு கோணிப்போகலாம். ஆகையால் சற்று ஆறட்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஈரத்துணியைப் பிழிந்து இரு தட்டுகளுக்கும் நடுவே வைத்து மூடுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒட்டிய சீஸும் மசாலாவும் இளகிவிடும். மரக் கரண்டியால் வழித்தெடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால், சோப்பு நுரையில் தோய்த்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். பின்பு வெறும் ஈரத்துணி, அதன்பின் உலர்ந்த துணி.

முக்கியமான விஷயம்: கிரில்லைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது. உள்ளே மின்சார இணைப்புகள் இருக்கின்றன. அங்கே ஈரம் புகுந்தால் அடுத்த முறை ஷாக் அடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கழற்றும் தட்டானால், தட்டை மட்டும் தனியே கழுவலாம்.

வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். மற்றப் பாத்திரங்களோடு இதையும் தொட்டியில் போட்டுவிடப் போகிறார்!